120 மணிநேரமும் ஒரு சான்றிதழும்

நீண்ட பதிவு. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்பிப்போரும் கற்போரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். மாறுபடுவோர் காரணங்களோடு மறுக்கலாம். மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற வாரம், தில்லியில் நான் கௌரவ விரிவுரையாளராகப் பாடம் நடத்தும் கல்லூரியில் இன்டர்ன்ஷிப் அறிக்கைகளுக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. பொருளாதாரம் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். முப்பது பக்க அறிக்கை. கடைசிப் பக்கத்தில் ஓர் இணையவழி நிறுவனத்தின் சான்றிதழ். ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’கில் அவர் 120 மணிநேரம் பயிற்சி பெற்றதாக அது உறுதி கூறியது. இரண்டு கேள்விகள் கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது கேள்வியை நான் தொடங்குமுன் அவரே சொன்னார்: “சார், இதை விலைக்குத்தான் வாங்கினேன். 900 ரூபாய்.”

ஏன் என்று கேட்டேன். ஆசாத்பூர் மண்டியில், காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில், அதிகாலை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை அவர் கணக்கு எழுதுகிறார். வாரத்தில் ஆறு நாள். அதே மண்டியில் சுமை தூக்கும் தந்தையின் வருமானம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடுகிறது. மகனின் ஊதியத்தில்தான் இவருடைய படிப்பும் தங்கையின் படிப்பும் நடக்கின்றன. கோடை விடுமுறையில் பகலிலும் அதே கடையில் நின்றால்தான் அடுத்த ஆண்டின் கட்டணம் சேரும். ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு அந்த விடுமுறையைக் கொடுத்துவிட்டால் கட்டணத்தை யார் கட்டுவது?

அருகிலிருந்த மூத்த ஆசிரியர் மெல்லச் சொன்னார்: “மதிப்பெண்ணைப் போட்டு அனுப்புங்கள். இவன் ஒருவன்தானா?” போட்டேன். பிறரைக் குற்றம் சொல்லப்போகும் இந்தப் பதிவில் அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேளாண் விளைபொருள் சந்தைகளைப் பற்றி நான் பாடம் நடத்திய வகுப்பில் உறங்கினார் என்பதற்காகச் சென்ற ஆண்டு இதே மாணவரை எழுப்பி நிற்கவைத்தவனும் நான்தான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தேசியக் கல்விக் கொள்கை 2020ஐத் தொடர்ந்து, இளநிலைப் படிப்புகளுக்கான புதிய சட்டகத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்டது. அதன்படி இன்டர்ன்ஷிப்பிலும் களப்பணியிலும் 30 மணிநேரம் ஒரு கிரெடிட். 2023 ஏப்ரலில் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் ஓராண்டுக் கற்றலை 1,200 மணிநேரம் என்றும், அதற்கு 40 கிரெடிட் என்றும் வகுத்தது. நம் மாணவர் வாரத்துக்கு 24 மணிநேரம் மண்டியில் இருக்கிறார். ஐந்து வாரத்தில் 120 மணிநேரம். அதாவது 4 கிரெடிட். ஐம்பது வாரத்தில் 1,200 மணிநேரம். அதாவது அரசின் அளவுகோலின்படியே முழுதாக ஓராண்டுக் கல்வி. அவ்வளவும் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படவில்லை. 900 ரூபாய்க் காகிதம் உடனே பட்டுவிட்டது.

முன்னனுபவத்துக்கும் கிரெடிட் வழங்கலாம் என்று தேசியக் கிரெடிட் சட்டகத்திலேயே இடம் இருக்கிறதே என்று நண்பர்கள் சுட்டிக்காட்டலாம். இருக்கிறது, காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவின் முன் நிற்பவரிடம் கல்லூரி கேட்பது நிறுவனத்தின் முத்திரைத்தாளில் ஒரு கடிதம், ஒரு பதிவெண், ஒரு மேலாளரின் கையொப்பம். கமிஷன் கடைக்காரர் இந்தப் பையனுக்கு ஊதியத்தைக் கையில் கொடுக்கிறார். கடையின் எந்தப் பதிவேட்டிலும் இவர் பெயர் இல்லை. உழைப்பு இருந்து ஆவணம் இல்லாதவரை நாம் வெளியே நிறுத்துகிறோம். உழைப்பே இல்லாமல் ஆவணம் கொண்டுவருபவரை உள்ளே அழைக்கிறோம்.

தேர்வு முடிந்த பிறகு அவரோடு தேநீர்க் கடையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். லாரி இரண்டு மணிநேரம் தாமதமானால் அன்றைய விலை எங்கே போகிறது என்று விளக்கினார். விதைப்புக் காலத்தில் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடைக்குப் பின் வேறு கடைக்கு ஏன் போக முடியாது என்று சொன்னார். தக்காளிப் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; அந்த ஐயத்தினால் நல்ல சரக்குக்கும் விலை குறைகிறது என்றார். ரொக்கத்துக்கு வாங்கும் வண்டிக்காரருக்கு ஒரு விலை, கடனுக்கு வாங்குபவருக்கு வேறு விலை என்றார்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் தக்காளியைப் பற்றி அவர் சொன்னது, 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம். முன்பணத்தைப் பற்றி அவர் சொன்னது, மேற்கு வங்கக் கிராமங்களை வைத்து 1973இல் அமித் பாதுரி எழுதியதற்கு நெருங்கிய உறவு. இவ்விரண்டையும் நான் அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதி நடத்தினேன். மூன்றாவது வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தவர் அந்த இரண்டையும் அன்று விடியற்காலைதான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரிடம் அனுபவம் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. என்னிடம் பெயர் இருந்தது, அனுபவம் இல்லை. இந்த இரண்டும் சந்திக்கவேண்டிய இடத்துக்குத்தான் பல்கலைக்கழகம் என்று பெயர். எங்கள் கல்லூரியில் அவை ஒரே அறையில் மூன்று ஆண்டுகள் இருந்தும் சந்திக்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டார்: “சார், இதையெல்லாம் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?” நான் தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டேன்.

என் வாதம் இதுதான். வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் அனுபவம் தானாகக் கல்வி ஆகிவிடாது. அதைக் கேள்விக்கு உட்படுத்தி, பெயரிட்டு, பிற அனுபவங்களோடு ஒப்பிட்டு, வகுப்பறைக்குள் திரும்பக் கொண்டுவரும்போதுதான் கல்வி ஆகிறது. நம் பல்கலைக்கழகங்கள் மாணவரை வெளியே அனுப்பும் கட்டளையை மட்டும் எழுதிவிட்டன. திரும்பக் கொண்டுவரும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

அனுபவவழிக் கற்றலைப் பேசும் கருத்தரங்குகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும்: ஜான் டூயி, டேவிட் கோல்ப். 1938இல் வெளிவந்த நூலில் டூயி, எல்லா அனுபவமும் கல்வி அல்ல என்று தெளிவாகவே எச்சரித்தார். மேலும் கற்கும் ஆற்றலை முடக்கும் அனுபவமும் உண்டு என்பது அவர் வாதம். 1984இல் கோல்ப் வகுத்த சுழற்சியில் படிகள் நான்கு: அனுபவம், அதைத் திரும்ப நோக்குதல், கருத்தாக்கம், மீண்டும் செய்து பார்த்தல். நாம் முதற்படியை மட்டும் எடுத்து அதை மணிக்கணக்கில் அளந்து, மற்ற மூன்றையும் கைவிட்டோம். ஏனெனில் முதற்படிக்கு வருகைப்பதிவேடு போதும். மற்ற மூன்றுக்கும் ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியர் எங்கே? 2019ஆம் ஆண்டு மானியக் குழு வகுத்த நெறிமுறையின்படி, கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு. ஊதியம் விரிவுரைக்கு உரியது. மாணவரோடு மண்டிக்குப் போய் அதிகாலை மூன்று மணிக்கு நிற்பது விரிவுரை அல்ல. அவருடைய குறிப்பேட்டை வாரந்தோறும் படித்து ஓரத்தில் கேள்வி எழுதுவதும் விரிவுரை அல்ல. உயர்கல்வியின் பெரும்பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள், ஒப்பந்த ஆசிரியர்கள் தலையில் வைத்துவிட்டு, அவர்களுக்குக் களத்தில் செலவாகும் நேரத்துக்கு ஒரு காசும் ஒதுக்காமல், அனுபவவழிக் கல்வி மலரும் என்று எதிர்பார்ப்பது எந்த வகை நம்பிக்கை? அறுபது அறிக்கைகளை இரண்டு நாளில் பார்த்து முடிக்கவேண்டிய ஆசிரியர் சான்றிதழைத்தான் பார்ப்பார். சான்றிதழைத்தான் பார்ப்பார் என்று தெரிந்தவுடன் சான்றிதழுக்கு ஒரு சந்தை உருவாகும். உருவாகிவிட்டது. அந்த மாணவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொருளாதார மாணவர், விலை கேட்டார், வாங்கினார்.

இது புதிய நோயும் அல்ல. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணிநேரம், இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணிநேரம். அதே 120! அந்தத் திட்டத்தில் உண்மையாகவே உழைத்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் நான் அறிவேன். ஆனால் பல கல்லூரிகளில் அது எப்படித் துடைப்பத்தோடு எடுக்கும் புகைப்படமாகச் சுருங்கியது என்பதை இதைப் படிக்கும் பாதிப்பேர் நேரில் பார்த்திருப்பீர்கள். மணிநேரத்தை மட்டும் கேட்டால் மணிநேரம் மட்டுமே கிடைக்கும்.

வேறு வகையில் செய்யவே முடியாதா? செய்தவர்கள் இருக்கிறார்கள். தில்லிப் பொருளியல் பள்ளியில் சமூகவியல் துறையைக் கட்டியெழுப்பிய எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியின் கிராமம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கினார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீயில் அவர் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே எழுதினார், நூல் 1976இல் வந்தது. களத்தில் கழித்தது மாதங்கள். அதைச் சிந்தித்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இளநிலை மாணவரிடம் முப்பது ஆண்டு கேட்கவில்லை. களத்தில் இருந்த நேரத்தின் அளவுக்காவது அதைப் பற்றிச் சிந்திக்கும் நேரம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு அமர்ந்தார்கள். சோதனைகள் தவறியபோது ஏன் தவறின என்று விவாதித்தார்கள்; ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினார்கள்; வகுப்பில் எழுந்த கேள்விகள் பாடநூலையே திருத்தின. பள்ளி கற்றதைவிடப் பல்கலைக்கழகம் கற்றது குறைவாக இருந்திருக்காது. 2002இல் மாநில அரசு அதை மூடியது. முப்பது ஆண்டுகள் ஓடிய அந்தத் திட்டத்தின் உயிர், அனுபவத்துக்குப் பிறகு நடந்த அந்த மாதக் கூட்டங்களில் இருந்தது. நம் கொள்கை ஆவணங்கள் எதிலும் அப்படி ஒரு கூட்டத்துக்கு மணிநேரம் ஒதுக்கப்பட்டதாக நான் காணவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த விவாதத்தில் இன்னொரு நினைவும் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவர் பிள்ளை வகுப்பறைக்கு வெளியே எதைக் கற்கும், வழக்கறிஞர் பிள்ளை எதைக் கற்கும் என்ற கேள்வியை அன்றே கேட்டுவிட்டோம். அதனால்தான், மண்டி வேலைக்கு அப்படியே கிரெடிட் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிய சட்டகத்தில் முதலாண்டோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு வெளியேறினால் பட்டயம். இரண்டுக்கும் கோடையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சி முடித்திருக்க வேண்டும். சுமைதூக்கியின் மகனை ‘உனக்குத்தான் மண்டி அனுபவம் இருக்கிறதே’ என்று பாராட்டி, ஒரு காகிதத்தைக் கையில் திணித்து, மண்டிக்கே திருப்பி அனுப்பும் வழியாக இது மாறிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அவருடைய உழைப்பிலிருந்து கோட்பாட்டை நோக்கிப் பாதை போடவேண்டும். கோட்பாட்டிலிருந்து அவரை விலக்கி உழைப்புக்கே திருப்பும் பாதைக்கு அனுபவவழிக் கல்வி என்று பெயர் வைக்கக்கூடாது.

வசதியுள்ள மாணவரின் அனுபவத்தையும் பார்ப்போம். தந்தையின் நண்பர் நடத்தும் நிறுவனத்தில் ஆறு வாரம், குளிரூட்டப்பட்ட அறை, கடைசி நாளில் பரிந்துரைக் கடிதம். அவர் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் ஒரே விதி ஒருவருக்கு வேலைவாய்ப்பின் முதற்படியாகவும், இன்னொருவருக்கு 900 ரூபாய் அபராதமாகவும் அமைவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவருக்கு உதவித்தொகை உரிமை உண்டு. கல்லூரி வெறும் கடிதம் கொடுத்து அனுப்பும் இன்டர்னுக்கு அந்தக் காப்பு இல்லை. உழைப்பு வாங்குபவர் ஊதியம் தரவேண்டாம், கட்டாயப்படுத்தும் பல்கலைக்கழகமும் பேருந்துக் கட்டணம் தரவேண்டாம் என்றால், இந்தக் கல்வியின் செலவை ஏற்பவர் மாணவர் மட்டுமே.

மாணவரோடு சேர்ந்து கிராமங்களும் ஏற்கின்றன. ‘தத்தெடுத்த கிராமம்’ என்ற சொல்லைக் கல்லூரிகள் கூசாமல் பயன்படுத்துகின்றன. நம் கல்லூரிகளைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஊர்களை நமக்குத் தத்துக் கொடுத்தது யார்? ஹரியானா எல்லையில் ஒரு கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து, வருமானம் எவ்வளவு என்று படிவம் நிரப்பினார்கள். ஒரு மூதாட்டி, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்: “போன வருடமும் பிள்ளைகள் வந்து இதையே கேட்டார்கள். அந்தத் தாள்களை என்ன செய்தீர்கள்?” மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம் என்ற உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அன்று மாணவர்கள் கற்றிருக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் அந்தக் கேள்விதான். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

கட்டணமே இல்லாமல் வகுப்பறைக்கு வெளியே நடக்கும் கற்றலை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? விடுதி அறையில் விடியவிடிய நடக்கும் வாக்குவாதம், வாசிப்பு வட்டம், இரவு நூலகம், சுவரொட்டி எழுதுதல், மாணவர் பேரவைத் தேர்தல். அவையும் வெளியேதான் நடக்கின்றன; அங்கே ஊர் பேர் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கற்கிறார்கள். மகளிர் விடுதிகளின் இரவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் தில்லி மாணவியர் ‘பிஞ்ஜ்ரா தோட்’ என்று ஓர் இயக்கமே நடத்தவேண்டியிருந்தது. கூண்டை உடை என்று பொருள். மாலையில் வாயிலைப் பூட்டிவிட்டு, மாணவியிடம் ‘உலகத்தைப் போய் அனுபவித்து அறிந்து வா’ என்று கிரெடிட் நீட்டும் நிறுவனம் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது.

அப்படியானால் வகுப்பறைக்குள்ளேயே அடைத்துவைக்கச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. என் ஆய்வே களத்தில்தான் நடக்கிறது. நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் என் முதல் அத்தியாயத்தின் பிழைகள் எனக்கே தெரிந்திருக்காது. மேலும், வகுப்பறை மட்டும் என்ன வாழ்கிறது என்ற கேள்வியும் நியாயமானதே. உறங்கியவரை எழுப்பிய என் வகுப்பே அதற்குச் சான்று. களத்துக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. களத்தை வருகைப்பதிவேடாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே என் கோரிக்கைகள் இவை.

ஒன்று: இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் நிறுவனம் உதவித்தொகைக்கும் பயணச் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். பணம் இல்லை என்றால் கட்டாயமும் கூடாது.

இரண்டு: ஏற்கெனவே உழைத்துக்கொண்டு படிக்கும் மாணவர், தம் வேலையையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு துறையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். முத்திரைத்தாள் கேட்காதீர்கள்; குறிப்பேடு கேளுங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பாடநூலோடு மோதவிட்டு அவர் எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் தாருங்கள், மணிநேரத்துக்குத் தராதீர்கள்.

மூன்று: களமேற்பார்வையும் குறிப்பேடு வாசித்தலும் ஆசிரியர் பணிநேரத்தில் சேர்க்கப்பட வேண்டும், கௌரவ விரிவுரையாளருக்கும் அதற்கு ஊதியம் வேண்டும்.

நான்கு: எந்த ஊரில் தகவல் திரட்டினோமோ, அந்த ஊரில் அவர்கள் மொழியில் அதைத் திரும்பப் படித்துக் காட்டாமல் எந்த மாணவருக்கும் கிரெடிட் இல்லை, எந்த ஆசிரியருக்கும் பாராட்டும் இல்லை.

இவற்றில் இரண்டாவதற்கு எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை. துறைக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். நான் கேட்கப்போகிறேன், கௌரவ விரிவுரையாளரின் ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படுவது என்பதை அறிந்தே கேட்கப்போகிறேன். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு என்ன தடை என்பதை அவர்களே சொல்லட்டும்.

அந்த மாணவரின் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. மண்டியில் கண்டதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? வினாத்தாள் குறிப்பவர்களும் விடைத்தாள் திருத்துபவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். ஆசாத்பூரில் இரவு ஏற்றிய விளக்குகள் அணையுமுன் கணக்கு முடித்து, எட்டரை மணி வகுப்புக்கு அவர் நாளையும் வருவார். உங்கள் பதில் என்ன?